சரஸ்வதி தோற்ற தேர்தல்

எங்கள் வீட்டில் சுவரில் படம் மாட்ட வேண்டுமானால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவார்கள். என்னைக் கூப்பிட மாட்டார்கள். எனக்கு ஆணி அடிக்கத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகவே அடிப்பேன். ஆனால் நான் சுத்தியலைக் கையில் எடுத்தால் போதும், மகளிலிருந்து பேரப்பிள்ளைகள் வரை எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஒரு காலத்தில் நான் இரண்டு படம் ஒட்டினேன். வெறும் இரண்டு. அதற்கு வாழ்நாள் முழுக்க இந்தப் பேச்சு.

அந்தக் கதையை என்னைவிட என் வீட்டார் நன்றாகச் சொல்கிறார்கள். ஆளாளுக்குக் கொஞ்சம் சேர்த்தும் விட்டார்கள். (நான் கோட்டுப் போட்டுக்கொண்டு கால்வாயில் விழுந்ததாக என் மருமகன் சொல்வது சுத்தப் பொய். கோட்டு மட்டும் உண்மை.) அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதி வைப்பது நல்லது என்று பட்டது.

எனக்கு அப்போது இருபது வயது இருக்கும். பினாங்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் சின்னக் கிராணி. ஊரில் குமாஸ்தா என்பார்களே, அதுதான் இங்கே கிராணி. ஆனால் 'கிராணி' என்று சொல்லும்போது நெஞ்சு தானாக முன்னால் வந்துவிடும். எனக்கு இங்கிலீஷ் படிக்க வரும், டைப் அடிக்க வரும், உலகத்தில் எனக்கு வராதது எதுவும் இல்லை என்று ஒரு நினைப்பும் வரும்.

நானும் என் அக்கா மீனாட்சியும் சரக்கு வைக்கும் கிட்டங்கிகளுக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். அக்காவுக்குச் சின்ன வயதிலேயே புருஷன் போய்விட்டார். அவள் அழுதுகொண்டு மூலையில் உட்காருகிற ரகம் இல்லை. கோயிலை ஒட்டி ஒரு கொட்டகை இருந்தது. அதில் எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். வண்டிக்காரர் பிள்ளைகள், பால்காரர் பிள்ளைகள், சோற்றுக்கடை காதர் பாயின் இரண்டு மகன்கள் என்று கொட்டகை நிறைந்துவிட்டது. அக்காவின் குரல் மட்டும் கப்பல் சங்கைத் தாண்டிக் கேட்கும்.

கொட்டகைக்குக் கூரை என்று ஒன்று இருந்ததாகச் சொல்வார்கள். மழை வந்தால் பிள்ளைகள் சிலேட்டைத் தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள். அக்காவின் சம்பளமும் அந்தக் கூரை மாதிரிதான்; அங்கங்கே இருக்கும். அரசாங்கத்தில் உதவிப் பணம் கேட்டுப் பார்த்தோம். நல்ல கூரையும் பெஞ்சும் இருந்தால் தருவோம் என்றார்கள். நல்ல கூரையும் பெஞ்சும் இருந்தால் உன்னிடம் எதற்கய்யா வருகிறோம் என்று அக்கா கேட்டாள். (நல்லவேளை, தமிழில் கேட்டாள்.)

இதற்கிடையில் நாகப்பட்டினத்திலிருந்து அக்காவின் மாமியார் வீட்டார் ஆள்மேல் ஆள் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே நிறைய மாடு, நிறைய மனுஷர், சமையலுக்குக் கை போதவில்லையாம். அக்கா தன் தகரப் பெட்டியைப் பாதி அடுக்கிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள்.

"இந்தப் பள்ளிக்கூடம் நின்னுச்சுன்னா எனக்குக் கப்பல்தான்டா தம்பி. காலம்பூரா அந்த வீட்டு அடுப்பை ஊதிட்டு இருக்க வேண்டியதுதான்" என்றாள் ஒருநாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னை வளர்த்தவள் அவள்.

பள்ளிக்கூடத்துக்குத் தலைவர் போல இருந்தவர் கந்தையா கிராணியார். யாழ்ப்பாணத்துக்காரர், பெரிய ஆபீசில் பெரிய உத்தியோகம், வெள்ளை வெளேரென்று கால்சட்டை, வாயில் எப்போதும் சட்டம். அவர் ஒரு யோசனை சொன்னார். வீட்டுக்கு மாதம் கால் வெள்ளி பள்ளிக்கூட வரி. (ஊரில் ரூபாய் மாதிரி இங்கே வெள்ளி.) ஆனால் யாரையும் வற்புறுத்தக்கூடாது. வட்டாரத்தார் எல்லோரும் ஓட்டுப் போட்டு முடிவு செய்யவேண்டும்.

"சீமையில இப்பிடித்தான் செய்யிறவை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாக்கு. ரகசிய வாக்கு. தோத்தா தோல்வி, வெண்டா வெற்றி. பிறகு ஒருத்தரும் ஒரு கதையும் கதைக்கேலாது. விளங்குதோ?"

வண்டி மேஸ்திரி சின்னக்கருப்பனுக்கு விளங்கவில்லை. துறைமுகத்து மாட்டுவண்டிகள் பாதி அவர் கையில். அவர் எழுந்து நின்றாலே கூட்டம் அடங்கிவிடும்.

"ஏன் கிராணியாரே, மாட்டுக்கு ஆனா ஆவன்னா தெரிஞ்சாத்தான் வண்டி நகருமா லா? எங்கப்பன் படிச்சானா? நான் படிச்சனா? மூட்டை ஏறலியா, எறங்கலியா?" (எங்கள் ஊரில் பேச்சுக்கு வாலாக ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும்.)

"அதைத்தான் மேஸ்திரி, நீங்க ஓட்டுல சொல்லுங்க" என்றேன் நான். கூட்டம் திரும்பி என்னைப் பார்த்தது. அந்தப் பார்வைதான் என்னைக் கெடுத்தது. தேர்தலை நடத்தும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். 'தேர்தல் அதிகாரி' என்ற பட்டத்தையும் எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன்.

எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் வட்டாரத்தில் குறைவு. அதனால் சீட்டுக்குப் பதில் புளியங்கொட்டை என்று முடிவாயிற்று. வீட்டுக்கு ஒரு கொட்டை. இரண்டு பிஸ்கோத்து டின். மூடியில் ஒரு பிளவு. ஒன்று 'வரி வேண்டும்', இன்னொன்று 'வரி வேண்டாம்'. எது எது என்று தெரிய என்ன அடையாளம் வைப்பது? அங்கேதான் என் மூளை வேலை செய்தது. செய்யாமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

கடைத்தெருவில் சாமி படம் விற்கும் கடைக்குப் போய்ச் சரஸ்வதி படம் ஒன்று வாங்கி 'வேண்டும்' டின்னில் ஒட்டினேன். கல்விக்குச் சரஸ்வதி. இதைவிடப் பொருத்தம் உண்டா? பெருமையாகக் கந்தையா கிராணியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, இது களவு."

"என்னங்க ஐயா?"

"ஒரு பக்கம் சாமி, மற்றப் பக்கம் வெறும் தகரமோ? ஆர் தகரத்தில போடுவினம்? ரெண்டு பக்கமும் சரிசமமா இருக்கவேணும். இல்லாட்டி மேஸ்திரி நாளைக்கு வந்து என்ரை கோட்டைப் பிடிப்பான்."

நியாயம்தான். 'வேண்டாம்' டின்னுக்கு முதலில் எமதர்மன் படம் நினைத்தேன். அது சரிசமம் ஆகாது. பூதம், காக்கை என்று ஏதேதோ யோசித்துவிட்டுக் கடைசியில் துள்ளிக் குதித்தேன். லட்சுமி! காசு கையிலேயே இருக்கட்டும் என்பவர்களுக்கு மகாலட்சுமி. இரண்டும் தெய்வம், இரண்டும் தாமரை, படத்தின் அளவும் ஒன்றே. சரிசமம் என்றால் இதல்லவா சரிசமம்! கிராணியாருக்கும் பிடித்துவிட்டது. அவர் சட்டத்தைப் பார்த்தார்; நான் என் புத்தியைப் பார்த்தேன்; எங்கள் ஜனங்களை ஒருவரும் பார்க்கவில்லை.

நாளும் நானே குறித்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம். கோயிலுக்கு எப்படியும் எல்லோரும் வருவார்கள், அப்படியே ஓட்டையும் போட்டுவிட்டுப் போகலாம் என்று கணக்கு. (வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம், லட்சுமி. படிக்கிற உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். இங்கிலீஷ் படித்த எனக்குப் புரியவில்லை.)

அன்று ஆபீஸ் நண்பனிடம் கறுப்புக் கோட்டு ஒன்று இரவல் வாங்கி மாட்டிக்கொண்டேன். அவன் என்னைவிட இரண்டு மடங்கு அகலம். கொட்டகையின் ஒரு மூலையில் அக்காவின் பழைய போர்வையைத் திரையாகக் கட்டி, உள்ளே மேஜைமேல் இரண்டு டின்னையும் வைத்தேன். வலது பக்கம் சரஸ்வதி, இடது பக்கம் லட்சுமி. திரைக்கு வெளியே நான் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். ஆளுக்கு ஒரு கொட்டை கொடுத்து, விஷயத்தை விளக்கி, உள்ளே அனுப்பினேன்.

முதலில் வந்தது பால்கார பாக்கியம் அக்கா. அவருடைய இரண்டு பெண்களும் எங்கள் பள்ளிக்கூடம். வரி வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டவர் அவர்தான். உள்ளே போனவர் போன வேகத்தில் தலையை வெளியே நீட்டினார்.

"தம்பி, இன்னொரு கொட்டை குடேன்."

"ஒரு வீட்டுக்கு ஒண்ணுதான்க்கா."

"ரெண்டு பேரு உக்காந்திருக்காங்களேப்பா. ஒருத்தருக்குப் போட்டா இன்னொருத்தவங்க கோவிச்சுக்க மாட்டாங்க?"

"இது தேர்தல்க்கா. யாராவது ஒருத்தருக்குத்தான் போடணும்."

"அடக் கடவுளே" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. முதலில் 'டக்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் பொறுத்து 'டிங்' என்று ஒரு சத்தம். வெளியே வந்தபோது அவர் நெற்றியில் புதிதாகக் குங்குமம் இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் அப்படித்தான். போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார்கள். உள்ளேயிருந்து முணுமுணுப்பு வந்தது, மல்லிகை வாசம் வந்தது, கொஞ்ச நேரத்தில் கற்பூர வாசமும் வந்தது. டக், டிங். டக், டிங்.

"என்ன தம்பி, சத்தம் ரெண்டாக் கேக்குது?" என்று கிராணியார் காதைக் கொடுத்தார்.

"தகர டின் ஐயா. கொட்டை விழுந்து எகிறுது" என்றேன், கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு. டைப் அடிக்கத் தெரிந்தவனுக்குத் தகரத்தைப் பற்றியும் தெரிந்திருக்கும் என்று அவர் நம்பிவிட்டார்.

மேஸ்திரி சின்னக்கருப்பன் தன் ஆட்கள் புடைசூழ வந்தார். "நான் எதுல போடப்போறேன்னு ஊருக்கே தெரியும், இதுல ரகசியம் வேற" என்று உறுமிவிட்டு உள்ளே போனார். வரும்போது உறுமவில்லை. தலைப்பாகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பேசாமல் போய் ஓரமாக நின்றார். பயந்துவிட்டான் என்று நான் மனதுக்குள் சந்தோஷப்பட்டேன்.

மாலைத் தொழுகை முடிந்து காதர் பாயும் அவர் கூட்டத்தாரும் வந்தார்கள். உள்ளே போன பாய் கொட்டையோடேயே வெளியே வந்தார்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. படத்துக்கு முன்னாடி ஒண்ணைக் கொண்டுபோய்ப் போடுறது எங்களுக்கு ஆகாது."

எனக்கு முகம் கறுத்துவிட்டது. பாயின் மகன்கள் இருவரும் அக்காவிடம் முதல் வரிசையில் உட்காருகிறவர்கள். அந்த வீட்டாரைப் பற்றி நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. "மன்னிச்சுக்குங்க பாய், நான்..." என்று உளறினேன். அவரோ தோளிலிருந்த துண்டை எடுத்தார்.

"இதுக்கு ஏன் வேர்க்குறீங்க? துண்டைப் போட்டு மூடிட்டாப் போச்சு. சோத்துக் கை வேணும், மத்த கை வேணாம். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். அவர்கள் மளமளவென்று போட்டுவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். டக், டக், டக். டிங் இல்லை. அதையும் நான் கவனிக்கவில்லை.

கடைசியில் எங்கள் வீட்டுக் கொட்டையைப் போட நான் உள்ளே போனேன். போனவன் அசந்து நின்றுவிட்டேன். மேஜையைக் காணோம், சந்நிதிதான் இருந்தது. இரண்டு டின்னுக்கும் பூச்சரம், இரண்டு படத்துக்கும் சந்தனப் பொட்டு, நடுவில் அகல் விளக்கு, இரண்டு வாழைப்பழம், யாரோ வைத்த எலுமிச்சம்பழம். ஆகா, எங்கள் ஜனங்களுக்குக் கல்விமேல் இவ்வளவு பக்தியா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. கொட்டையைச் சரஸ்வதி டின்னில் போட்டேன். தூக்கிப் பார்த்தால் நல்ல கனம். லட்சுமி டின்னைத் தூக்கிப் பார்த்தேன், லேசாக இருந்தது.

வெளியே ஓடிவந்து அக்காவின் காதில், "ஜெயிச்சாச்சுக்கா!" என்றேன். "நிஜமாவா?" என்றாள். "டின்னைத் தூக்கிப் பார்த்தேன்க்கா." அவள் நேராக வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது என்னிடம் சொன்னாள்: பெட்டியிலிருந்து புடவையெல்லாம் எடுத்துக் கொடியில் போட்டுவிட்டாளாம்.

கிராணியார் எல்லோர் முன்னாலும் முதலில் லட்சுமி டின்னைத் திறந்து, தரையில் விரித்திருந்த பாயில் கவிழ்த்தார். புளியங்கொட்டை சரசரவென்று குவிந்தது. குவிந்துகொண்டே இருந்தது. எனக்குக் கோட்டுக்குள் வேர்க்க ஆரம்பித்தது.

அடுத்து சரஸ்வதி டின்னைக் கவிழ்த்தார். ஜலஜலவென்று காசு! செப்புக் காசும் வெள்ளிக் காசுமாகப் பாய் முழுக்க உருண்டு ஓடியது. காசுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு கைப்பிடி கொட்டை.

கிராணியார் காசை ஒதுக்கிவிட்டுக் கொட்டையை மட்டும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"சட்டப்படி..." என்று அக்காவைப் பார்த்தார். "சட்டப்படி பிரேரணை தோத்துப்போச்சு."

அக்கா கொடியில் போட்ட புடவைகளை நினைத்திருப்பாள் போலிருக்கிறது. பிறகு மெதுவாகத் திரும்பி, "பாக்கியம் அக்கா, நீங்க எதுல போட்டீங்க?" என்று கேட்டாள்.

பாக்கியம் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "என்னை என்ன பண்ணச் சொல்றே மீனாட்சி? வெள்ளிக்கிழமையும் அதுவுமா, விளக்கு வெச்ச நேரத்துல, மகாலட்சுமிக்கு முதுகைக் காட்டிட்டு வரச் சொல்றியா? அப்புறம் மாடு பால் குடுக்குமா? அதான் கொட்டையை அவங்களுக்குப் போட்டுட்டேன். சரஸ்வதித் தாயி மனசு நோகக் கூடாதேன்னு காணிக்கையை அவங்களுக்குப் போட்டேன்."

"நானும் அப்படித்தான்" என்றது ஒரு குரல். "நானும்." "நாங்களும்." கொட்டகை முழுக்க நானும் நானும் என்று எழுந்தது. பிளவு வைத்த டின்னில் சாமி படம் ஒட்டினால் அதற்கு உண்டியல் என்று பெயர் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது, தேர்தல் அதிகாரி ஒருவனைத் தவிர.

காதர் பாய் குனிந்து அந்தக் கைப்பிடிக் கொட்டையைப் பார்த்தார். "அப்ப இதெல்லாம் எங்க ஆளுங்க போட்டதுதானா? அட, சரஸ்வதிக்கு நாங்க மட்டும்தான் ஓட்டா!" என்று சிரித்தார். ("நானும் ஒண்ணு போட்டேன்" என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.)

"எல்லாம் இந்தப் படிச்ச முட்டாளால வந்தது" என்று அக்கா என்னைப் பார்த்துச் சொன்னாள். அப்போதுதான் அவள் கண்ணில் நீர் வந்தது. எனக்கு அந்தக் கோட்டுக்குள்ளேயே ஒளிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. அதற்கு இடமும் இருந்தது. நான் அழுதேன். கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்ததற்கு நண்பன் பிறகு சலவைக்கூலி வாங்கிவிட்டான்.

காதர் பாய் நிமிர்ந்தார். "கிராணியாரே, நான் ஒரு விஷயம் கேக்கட்டுமா? நான் கடைக்காரன். என் கடைக்கு வர்றவன் 'சோறு நல்லா இல்ல பாய்'னு வாயால சொல்லுவான். ஆனா தினமும் வந்து காசு குடுத்துச் சாப்பிடுவான். நான் எதை நம்பணும்? இங்க கொட்டை வேணாம்னு சொல்லுது. காசு வேணும்னு சொல்லுது. அவங்கவங்க இடுப்புலேர்ந்து எடுத்துப் போட்டது லா இது."

கிராணியார் காசையும் கொட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "வரி வரேலாது. தோத்தது தோத்ததுதான்" என்றார். அக்கா தலை குனிந்துகொண்டாள். "ஆனா காணிக்கை போடக்கூடாது எண்டு ஒரு சட்டமும் இல்லை. அந்த டின் அந்த இடத்திலையே இருக்கட்டும்."

அப்போதுதான் மேஸ்திரி சின்னக்கருப்பன் முன்னால் வந்தார். பாயில் கிடந்த காசுகளில் முழு வெள்ளி நாணயம் ஒன்றே ஒன்று பளபளவென்று தெரிந்தது. அதைக் காட்டி, "அது என்னுது" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "வேணாம்னுதான் கொட்டை போட்டேன், அதுல மாத்தமில்ல. ஆனா வருசா வருசம் ஆயுத பூசையில அந்தம்மாவுக்கு முன்னாடிதானே வண்டிக்குப் பொட்டு வெக்கிறேன்? நேருக்கு நேர் பார்த்துட்டு சும்மா வர முடியல." பிறகு என் பக்கம் திரும்பிக் கத்தினார்: "ஏன்டா, வேற படமே கிடைக்கலியா உனக்கு?"

கொட்டகை இடிந்துவிடும்போலச் சிரித்தது. அழுதுகொண்டிருந்த அக்காவும் சிரித்துவிட்டாள்.

அந்தக் காசில் முதலில் கூரை வந்தது. வெள்ளிக்கிழமை தோறும் பள்ளிக்கூட வாசலில் டின்னில் 'டிங்' விழுந்தது; பாய் வீட்டார் படத்துக்கு முன் போடாமல் நேராக அக்கா கையில் கொடுத்தார்கள். வரி போட்டிருந்தால்கூட அவ்வளவு சேர்ந்திருக்காது என்று கிராணியாரே பிறகு ஒப்புக்கொண்டார். (சட்டப்படி தோற்றதுதான் என்பதையும் கூடவே சொல்வார்.) பெஞ்சு வந்தது, அரசாங்க உதவியும் வந்தது. அக்கா தலை நரைக்கும்வரை அங்கேயே வாத்தியாரம்மாவாக இருந்தாள். அந்தத் தகரப் பெட்டி கப்பல் ஏறவே இல்லை. பள்ளிக்கூடத்துச் சிலேட்டுகளை அதில்தான் அடுக்கி வைத்தாள்.

நான்தான் மாட்டிக்கொண்டேன். என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது இரண்டு வீட்டில் சம்மதம் வந்தது. எதை முடிக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா எல்லோர் முன்னிலையிலும் கேட்டாள்: "ரெண்டு டின்னு கொண்டுவரட்டுமாடா?"

சுதந்திரத்துக்குச் சற்று முன்னால் நாட்டில் நிஜமான ஓட்டு வந்தபோது நான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, வாக்குச்சாவடி வைத்திருந்த பள்ளிக்கூடத்துக்கு முதல் ஆளாகப் போய் வரிசையில் நின்றேன். சீட்டை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனேன். பழக்கதோஷம், செருப்பைக் கழற்றிவிட்டேன். வரிசையில் பின்னால் நின்றுகொண்டிருந்த அக்காவின் குரல், அதே கப்பல் சங்கைத் தாண்டுகிற குரல், பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது:

"டேய் தம்பி! காசு கீசு போட்டுடாதே!"